நம் மைதானத்தில் எழுதப்படும் ஆய்வேடுகள்

ஆனித் தேரோட்டம் முடிந்து ரத வீதிகளில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்த வாரம் அது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடப் போனபோது, தலைமையாசிரியர் அறை வாசல் பெஞ்சில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு, காலடியில் ஒரு பை. பைக்குள் ஆரஞ்சு நிறக் கூம்புகளும் அளவு நாடாவும் தெரிந்தன. விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாராம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 45 பேரைப் பன்னிரண்டு வாரங்களுக்கு "ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ள" அனுமதி கேட்டு, நெறியாளர் கையெழுத்திட்ட கடிதம் கொண்டுவந்திருந்தார்.

இப்படி வருபவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். தமிழ்நாட்டில் உடற்கல்வி, யோகா, விளையாட்டு அறிவியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் கணிசமானவற்றுக்குப் பள்ளிப் பிள்ளைகள்தான் தரவு. ஆய்வாளர் வருவார், அளப்பார், பயிற்சி கொடுப்பார், மறுபடி அளப்பார், போய்விடுவார். அதற்குப் பிறகு என்ன எழுதினார், என்ன கண்டார் என்பது நமக்குத் தெரியாது; நாமும் கேட்பதில்லை.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. திருநெல்வேலி டவுணில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை. உடற்கல்விக்கும் எனக்கும் இருந்த உறவு, பி.டி. சாரிடம் பாடவேளையைக் கடன் வாங்குவதோடு சரி. (திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை.) ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்று இந்த ஆய்வேடுகளைத் தேடி வாசிக்க வைத்தது. வாசித்ததில் புரிந்ததைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அந்த ஆண்டும் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், விடியற்காலை முதல் பேருந்தில் கூம்புகளைச் சுமந்து வந்து, ஆறரை மணிக்கு மைதானத்தில் கோடு போட்டிருப்பார். என் வகுப்பில் 45 பையன்களைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்கி, பதினைந்து பதினைந்தாக மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழுவுக்கு ஒரு பயிற்சி, இரண்டாம் குழுவுக்கு வேறு பயிற்சி, மூன்றாவது கட்டுப்பாட்டுக் குழு. அவர்களுக்குப் பயிற்சி கிடையாது; ஆய்வு முடியும்வரை ஓடியாடும் எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டார். விளையாட்டுப் பாடவேளையில் அந்தப் பதினைந்து பேரையும் என்ன செய்வது என்று பி.டி. சார் கேட்க, "என்கிட்ட அனுப்புங்க சார்" என்று நான்தான் மகிழ்ச்சியோடு கேட்டு வாங்கினேன். காரணிப்படுத்துதல் நடத்தினேன்.

அந்தப் பதினைந்தில் ஒருவன் 800 மீட்டரில் பள்ளியிலேயே முதலாவதாக வருபவன். குறுவட்டப் போட்டி ஆய்வின் எட்டாவது வாரத்தில் வந்தது. பெயர்ப் பட்டியலில் அவன் இல்லை. ஏன் பேர் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "எனக்கு ஓடக்கூடாதுன்னு சீட்டு வந்துட்டு டீச்சர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, பரீட்சை எண் சொல்வது போலச் சொன்னான். வகுப்பாசிரியர் என்ற முறையில் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அந்த ஆய்வேட்டைச் சில ஆண்டுகள் கழித்து 'ஷோத்கங்கா'வில் தேடி எடுத்தேன். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்தது. அதன் பயனாக, காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் நாடெங்கிலும் எழுதப்படும் ஆய்வேடுகளை யாரும் கட்டணமின்றி வாசிக்கலாம். உடற்கல்வித் துறை என்று தேடினால் தமிழ்நாட்டிலிருந்து பக்கம் பக்கமாக வரும்.

அதில் வியப்பில்லை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இன்று நந்தனத்தில் இருப்பது, இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு வழிகாட்டிய நிறுவனம். மத்திய அரசு குவாலியரில் லட்சுமிபாய் கல்லூரியைத் தொடங்கியதே 1957இல்தான். உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமாகத் தமிழ்நாடு அரசு தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவி, அது 2005 முதல் இயங்குகிறது. வளாகம் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ளது. காரைக்குடி அழகப்பா, சிதம்பரம் அண்ணாமலை ஆகிய பல்கலைக்கழகங்களில் இத்துறை ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது. நம் பக்கம் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களில் பலர் பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டம் படிக்கிறார்கள். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறையும், பணியிடத்தின் தடையின்மைச் சான்றோடு அதை அனுமதிக்கிறது. எனவே ஆய்வாளர் என்பவர் எங்கிருந்தோ வருபவர் அல்லர். பக்கத்துப் பள்ளி பி.டி. சாராகவே இருக்கலாம்.

தலைப்புகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் ஒரு வார்ப்பு தெரியும். 'தேர்ந்தெடுக்கப்பட்ட உடல், உடலியங்கியல், உளவியல் மாறிகளின் மீது இன்ன பயிற்சியின் விளைவு.' பயிற்சியின் பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. சுற்றுப் பயிற்சி, இடைவெளிப் பயிற்சி, ஃபார்ட்லெக் போன்றவை ஒரு காலம். பிறகு சோவியத் பயிற்சியாளர்களிடமிருந்து உலகெங்கும் பரவிய பிளையோமெட்ரிக் என்ற குதிப்புப் பயிற்சி. யோகாசனமும் பிராணாயாமமும் நெடுக வந்துகொண்டே இருக்கின்றன. அண்மைக் காலத்தில் இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்ப்பது அதிகம்: யோகாவோடு பிளையோமெட்ரிக், வேகம் - சுறுசுறுப்புப் பயிற்சியோடு உடல்நடுப் பகுதிப் பயிற்சி என்று. விளையாட்டு கபடியா, ஹாக்கியா, கைப்பந்தா என்பது மாறும். மாவட்டம் மாறும். வார்ப்பு மாறாது. இந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம் என்று இல்லை. இந்தியா முழுக்கவே ஏறத்தாழ இப்படித்தான்.

வார்ப்பு இருப்பதே குற்றமில்லை. முன் சோதனை, பன்னிரண்டு வாரப் பயிற்சி, பின் சோதனை, கட்டுப்பாட்டுக் குழு என்ற அமைப்பு அறிவியலில் மதிப்பு மிக்கது. குலுக்கலில் குழு பிரிப்பதும் சரியான முறைதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் சிக்கல். இனி கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அட்டவணைகள் வரும். 'அன்கோவா' என்று எழுதியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே ஒரு குழு சற்று முன்னால் இருந்தால், அந்த முன்னிலையின் தாக்கத்தை நீக்கிவிட்டு ஒப்பிடும் முறை அது. மூன்று குழுக்களில் எந்த இரண்டுக்கிடையே வேறுபாடு என்று பிறகு பார்ப்பதற்கு 'ஷெஃபே' சோதனை. கடைசியில் '0.05 மட்டத்தில் முக்கியத்துவம் வாய்ந்தது' என்று ஒரு வரி.

இந்த 0.05ஐப் புரிந்துகொண்டால் பாதி ஆய்வேடு புரிந்துவிடும். பயிற்சியால் உண்மையில் எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், குருட்டு அதிர்ஷ்டத்தால் விளைவு இருப்பது போன்ற கணக்கு வந்துவிட 100க்கு 5 வாய்ப்பு உண்டு; அதை ஏற்றுக்கொள்கிறோம் என்பதே அதன் பொருள். ஒரு மாறியை மட்டும் அளந்தால் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் நம் ஆய்வேடுகளில் வேகம், தாவும் உயரம், நெகிழ்வு, நாடித்துடிப்பு, மூச்சடக்கும் நேரம், பதற்றம், தன்னம்பிக்கை என்று பத்துப் பன்னிரண்டு மாறிகள் வரும். பன்னிரண்டு மாறிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஒன்றுகூடப் பொய்யாக 'முக்கியத்துவம்' காட்டாமல் இருக்கும் நிகழ்தகவு 0.95ஐப் பன்னிரண்டு முறை பெருக்கக் கிடைப்பது, அதாவது 0.54. ஆக, எந்தப் பயனும் இல்லாத பயிற்சிக்கும் குறைந்தது ஒரு மாறியிலாவது 'பலன்' கிடைத்துவிட 46 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டுவதற்குப் பதிலாக இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்தது அளவீடு. 50 மீட்டர் ஓட்டத்தைக் கையால் நிறுத்தும் கடிகாரத்தில் அளக்கிறோம். கை நேரம் எப்போதும் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே வரும். 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களுக்குத் தடகளத்தில் 0.24 வினாடி கூட்டி ஒப்பிடும் வழக்கமே உண்டு. ஓர் ஆய்வேட்டில் பயிற்சிக் குழு சராசரியாக 0.15 வினாடி முன்னேறியது என்று இருந்தால், அந்தக் கடிகாரத்தைப் பிடித்தது யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஆய்வாளரேதான். எந்தப் பையன் எந்தக் குழு என்பது அவருக்குத் தெரியும். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆசைப்படும் கட்டை விரல் கொஞ்சம் முன்னதாக அழுத்தும். அது மனித இயல்பு. இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. குழு விவரம் தெரியாத தமிழாசிரியரிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.

உளவியல் மாறிகளைப் பற்றி இன்னும் வருத்தம். ரெய்னர் மார்டென்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1977இல் வெளியிட்ட போட்டிப் பதற்ற வினாப்படிவம் நம் ஆய்வேடுகளில் அடிக்கடி வருகிறது. பதினைந்து வாக்கியங்கள்; மதிப்பெண் பத்துக்கு மட்டும். ஆங்கிலத்தில் இருக்கும் அதை, தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மைதானத்தில் நின்றபடி வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். போட்டிக்கு முன் ஏற்படும் 'படபடப்பு', 'பயம்', 'பரபரப்பு' மூன்றும் நம் பிள்ளைகளுக்கு வேறு வேறு. ஆய்வாளர் எந்தச் சொல்லைப் போட்டாரோ அதற்குத்தான் மதிப்பெண் விழும். முறையாகத் தமிழாக்கி, இன்னொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்து, சில நூறு பிள்ளைகளிடம் சோதித்த பிறகே அந்தப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். நேர்மையாகப் பார்த்தால் அந்தத் தமிழாக்கமே ஒரு முனைவர் பட்டத்துக்கு உரிய வேலை. அதைச் செய்ய ஆளில்லை. ஏனென்றால் அதில் 'விளைவு' இல்லை.

பன்னிரண்டு வாரம் என்பதும் அப்படியே. வாரம் மூன்று நாள் வீதம் 36 அமர்வுகள் என்று எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும். தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, குறுவட்டப் போட்டி, காலாண்டுத் தேர்வு, திடீர் மழை எல்லாம் போக எத்தனை அமர்வு நடந்தது, அதில் ஒவ்வொரு பையனும் எத்தனைக்கு வந்தான் என்பது நம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆய்வேட்டில் அது இருக்காது.

இப்போது அந்த மூன்றாவது குழுவுக்கு வருகிறேன். ஆய்வேட்டில் என் பையன்களின் வரிசையைக் கண்டுபிடித்தேன். கட்டுப்பாட்டுக் குழு: முன் சோதனைச் சராசரி, பின் சோதனைச் சராசரி, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி பெற்ற இரு குழுக்களும் முன்னேறின. எனவே பயிற்சி பலனளித்தது என்பது முடிவு. ஓடவிடாமல் உட்காரவைத்த பிள்ளைகள் முன்னேறவில்லை என்பதை அறிய ஓர் ஆய்வேடு வேண்டுமா? பன்னிரண்டு வாரம் எதைச் செய்தாலும், சும்மா இருப்பதைவிட நன்றாகத்தான் இருக்கும். ஓர் ஆசிரியருக்குத் தேவையான கேள்வி வேறு: பி.டி. சார் வழக்கமாக நடத்தும் வகுப்பைவிட இந்தப் புதிய பயிற்சி மேலானதா? அப்படியானால் கட்டுப்பாட்டுக் குழு வழக்கமான வகுப்பில் விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி அமைத்திருந்தால் ஆய்வும் நேர்மையாக இருந்திருக்கும், அந்தப் பையனும் குறுவட்டத்தில் ஓடியிருப்பான்.

இதை எப்படிச் செய்யலாம் என்பதற்கு ஒரு நல்ல மாதிரி நார்வேயிலிருந்து கிடைக்கிறது. கால்பந்துக்கு முன் இருபது நிமிடம் செய்யும் உடல்சூடேற்றப் பயிற்சி காயங்களைக் குறைக்குமா என்று பார்க்க, 13 முதல் 17 வயதுச் சிறுமிகள் ஆடும் 125 சங்கங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் போட்டது சிறுமிகளுக்கு அல்ல, சங்கங்களுக்கு. ஒரே வகுப்பில் ஒருவன் பயிற்சி செய்ய, பக்கத்து பெஞ்சுக்காரன் செய்யாமல் இருக்க முடியாது, பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவான். ஆகவே முழுச் சங்கமும் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். கட்டுப்பாட்டுச் சங்கங்கள் எப்போதும்போல ஆடிக்கொண்டிருந்தன. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவில், 1,892 சிறுமிகளின் கணக்குப்படி மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. எனக்குப் பிடித்தது அதுவல்ல. எதை முதன்மையாக அளப்போம் என்று அவர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தது கால் காயங்களை. அதில் கண்ட குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதை அவர்களே முகப்புச் சுருக்கத்தில் எழுதிவிட்டார்கள். நம் ஆய்வேடுகளில் அப்படி ஒரு வரியைக் கண்டால் அந்த ஆய்வாளரைத் தேடிப்போய் வணக்கம் சொல்வேன்.

உலகில் இத்துறை ஆய்வு போகும் திசையும் இதிலிருந்து ஓரளவு தெரியும். 'இந்தப் பயிற்சி பலனளிக்கிறதா' என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து, காயம், தூக்கம், பெண் உடல், விளையாட்டை விட்டு விலகுதல், பள்ளி நேர அமைப்பு என்று கேள்விகள் விரிந்திருக்கின்றன. அவற்றுள் சில நம் வாசலிலேயே நிற்கின்றன.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை எலைன் வைலி, 2012இல் பிள்ளைகளைத் தினமும் பதினைந்து நிமிடம் வகுப்பிலிருந்து வெளியே அழைத்துப்போய் ஓடவோ நடக்கவோ விட்டார். சீருடை மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம், போட்டி இல்லை. 'டெய்லி மைல்' என்று பெயர் பெற்று அது பல நாடுகளுக்குப் பரவியது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகுதான் வந்தார்கள். 391 பிள்ளைகளை வைத்து, இத்திட்டம் உள்ள ஒரு பள்ளியையும் இல்லாத ஒரு பள்ளியையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். திட்டம் இருந்த பள்ளியில், மிதமான முதல் தீவிரமான உடலியக்கம் நாளொன்றுக்குச் சுமார் 9 நிமிடம் கூடியிருந்தது. உட்கார்ந்திருக்கும் நேரம் சுமார் 18 நிமிடம் குறைந்திருந்தது. இரண்டே பள்ளிகள் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். கேள்வி பள்ளியில் பிறந்தது. ஆய்வு அதைத் தேடி வந்தது. நம் ஊரில் கேள்வி பல்கலைக்கழகத்தில் பிறந்து, பிள்ளைகளைத் தேடி வருகிறது.

இன்னொன்று பிறந்த மாதம். 1985இல் கனடாவில் பார்ன்ஸ்லி என்பவரும் உடன் ஆய்வாளர்களும், பனி ஹாக்கி வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டினார்கள். அங்கே வயதுப் பிரிவுக்கான கணக்கு ஜனவரி 1இல் தொடங்கும். ஆகவே ஜனவரியில் பிறந்தவன் அதே பிரிவில் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். உயரமாக இருப்பான், அவனைத் தேர்ந்தெடுப்பார்கள், அவனுக்கே பயிற்சி கிடைக்கும். நம் பள்ளி அணிகளில் என்ன நிலை? முன்பு இந்த ஆய்வையே செய்ய முடியாது. என் தலைமுறையில் பாதிப் பேருக்குச் சான்றிதழ்ப்படி பிறந்த நாள் மே, ஜூனில்தான் வரும். என்னுடையதும் பெரிய சார் எழுதிய ஜூன் தேதிதான். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, எமிஸில் தேதி இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட, 17 வயதுக்குட்பட்ட அணிகளின் பெயர்களை எடுத்து மாதவாரியாக எண்ணிப் பார்க்க ஒரு மாலை போதும். பரிசு வாங்காத டிசம்பர் பிள்ளைகள் திறமை இல்லாதவர்களா, சின்னவர்களா என்பது அதில் கொஞ்சம் தெரியலாம்.

பெண் பிள்ளைகளின் நிலையை உலக ஆய்வே சரியாகக் கவனிக்கவில்லை. ஆறு விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த 5,261 கட்டுரைகளை எண்ணி 2021இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களில் பெண்கள் 34 சதவீதம். ஆண்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் 31 சதவீதம்; பெண்களை மட்டும் வைத்து நடந்தவை 6 சதவீதம். நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை மைதானத்தில் நின்ற பெண்பிள்ளை ஒன்பதில் ஏன் ஓரமாக உட்காருகிறாள்? கழிப்பறையா, உடையா, வீட்டில் சொல்வதா, இரத்தசோகையா? வியாழக்கிழமை தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அதை விழுங்கும் பிள்ளையின் 600 மீட்டர் ஓட்டம் ஓராண்டில் மாறுகிறதா? இவற்றுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி தேவையில்லை. பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசும் ஆய்வாளர் தேவை.

கபடியைப் பற்றி நார்வேக்காரர் வந்து ஆய்வு செய்யப்போவதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் நம் தாமிரபரணிக் கரையோரத்துக்காரர். அந்த மண்ணில் இன்றும் பிள்ளைகள் செம்மண் களத்தில்தான் பழகுகிறார்கள். மேல்மட்டப் போட்டிக்குப் போனால் செயற்கை விரிப்பு. மண்ணில் பழகிய முழங்காலுக்கு விரிப்பில் என்ன ஆகிறது என்பதை இங்கே உள்ள ஒருவர்தான் எழுத வேண்டும்.

ஆய்வாளர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. 2016 விதிமுறைப்படி ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டியிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அதனால் கொழுத்தன. 2022இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆய்வு நெறி பற்றிய பாடமும் இப்போது முனைவர் பட்டப் படிப்பின் ஒரு பகுதி. ஆனால் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும், கையில் பணமில்லை, கருவி இல்லை என்ற நிலையில் ஓர் இளைஞர், வாசலில் இருக்கும் அரசுப் பள்ளியையும் ஏற்கெனவே ஓடித் தேய்ந்த வார்ப்பையும்தான் நாடுவார். வாசலில் நாம் என்ன கேட்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

கேட்க உரிமை இருக்கிறதா என்று சிலர் தயங்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன. பிள்ளைகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அதோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். ஆய்வாளரின் நிறுவனத்தில் நெறிமுறைக் குழு அந்த ஆய்வை முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். அலுவலக அனுமதி இவற்றுக்கெல்லாம் மாற்று அல்ல. தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் இட்ட கையெழுத்துக்கு எந்தப் பொருளும் இல்லை என்பது இதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

இந்த ஆண்டு வந்த இளைஞரைத் தலைமையாசிரியர் என்னிடமும் பி.டி. சாரிடமும் அனுப்பினார். பி.டி. சார் அறையில், பந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினோம். கட்டுப்பாட்டுக் குழு வழக்கமான வகுப்புக்குப் போகும், போட்டி வந்தால் ஓடும் என்றோம். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே பயிற்சியை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றோம். பின் சோதனையில் கடிகாரம் வேறொருவர் கையில் இருக்கட்டும், நடந்த அமர்வுகளை அப்படியே எழுதுங்கள், முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள் என்றோம். முகம் சுருங்கித்தான் போனது. "நெறியாளரிடம் கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்று கிளம்பினார். வரமாட்டார் என்று பி.டி. சார் சொன்னார்.

ஒன்பதாம் நாள் வந்தார். பத்து மாறிகளை நான்காகக் குறைத்திருந்தார். நெறியாளர் மற்றவற்றுக்கு இசைந்துவிட்டாராம். ஒன்றில் மட்டும் இடறியது. பெண்பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லியிருந்தோம். அளவெடுக்கப் பெண் ஆய்வு உதவியாளர் இல்லை, அவருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை என்றார். நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆக, இப்போது திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில் அளவு நாடாவோடு மைதானத்தில் நிற்பது நான். கணக்கு ஆசிரியைக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அந்த 800 மீட்டர் பையனைப் போன மாதம் வாகையடி முனையில் பார்த்தேன். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். குறுவட்டம், சீட்டு எல்லாவற்றையும் நினைவுபடுத்தினேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. "நீங்க காரணிப்படுத்துதல் நடத்தினது ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான்.

பயிற்சி மூன்றாம் வாரத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கும் தேதியைப் பி.டி. சார் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் இரண்டாவது திங்கள். தினமும் யாராவது ஒருவர் வந்து அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள்.